மறுநிகழ்த்தல் (அறிவியல்)

மறுநிகழ்த்தல் என்பது, ஓர் அறிவியல் ஆய்வின் முடிவை, அந்த ஆய்வில் கூறப்பட்ட முறையைப் பின்பற்றி, வேறோர் ஆய்வாளர் மீண்டும் பெற முயல்வதைக் குறிக்கும். ஒருவர் தாம் கண்டதாகக் கூறும் ஒன்றை, அவரோடு தொடர்பில்லாத மற்றொருவரும் காண இயலுமாயின், அது தனியொருவரின் கூற்று என்னும் நிலையைக் கடந்து பொது அறிவாகிறது. இதனால் மறுநிகழ்த்தல், அறிவியல் முறையின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

எனினும், வெளியிடப்படும் ஆய்வுகளுள் மிகச் சிலவே உண்மையில் மறுநிகழ்த்திப் பார்க்கப்படுகின்றன. 2000களின் நடுப்பகுதி முதல், உளவியல், மருத்துவம், பொருளியல் ஆகிய துறைகளில் முறையாக மேற்கொள்ளப்பட்ட மறுநிகழ்த்தல் முயற்சிகளில் கணிசமான பகுதி மூல முடிவுகளைத் தரவில்லை. இந்நிலை மறுநிகழ்த்தல் நெருக்கடி என அழைக்கப்படுகிறது. இதற்கு மறுமொழியாகவே, தரவு, நிரல், ஆய்வுத் திட்டம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றை எவரும் காணவும் சோதிக்கவும் கூடியவாறு வெளியிடும் திறந்த அறிவியல் நடைமுறைகள் பரவின.

சொற்களும் பொருளும்

இத்துறையில் வழங்கும் கலைச்சொற்கள் நீண்ட காலம் துறைக்குத் துறை வேறுபட்டிருந்தன. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு கருத்துகளைத் தெளிவாகப் பிரித்தது.

- மீள்கணித்தல்: மூல ஆய்வின் அதே தரவையும் அதே கணிப்பு முறையையும் நிரலையும் கொண்டு அதே விடையைப் பெறுதல்.
- மறுநிகழ்த்தல்: அதே வினாவுக்கு விடை காணும் நோக்குடன், புதிதாகத் தரவு திரட்டி, மூல ஆய்வோடு ஒத்த முடிவைப் பெறுதல்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளி மாணவர்களின் உயரங்களை ஒருவர் அளந்து குறிப்பேட்டில் எழுதிச் சராசரியைக் கணித்ததாகக் கொள்வோம். அதே குறிப்பேட்டைப் பெற்று மற்றொருவர் சராசரியைச் சரிபார்ப்பது மீள்கணித்தல். அம்மாணவர்களையோ ஒத்த வயதுடைய வேறு மாணவர்களையோ புதிதாக அளந்து பார்ப்பது மறுநிகழ்த்தல். முன்னது கணக்கில் உள்ள பிழையை வெளிப்படுத்தும். அளவுகோலில் உள்ள பிழையைப் பின்னதே வெளிப்படுத்தும்.

இவ்விரண்டும் உண்மைக்கு முழு உறுதி அளிப்பன அல்ல. தவறான தரவிலிருந்தும் ஒரே விடையைப் பலமுறை கணிக்க இயலும். அவ்வாறே, ஒருமுறை மறுநிகழ்த்தல் தோல்வியுற்றதாலேயே மூல ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. சூழல் வேறுபாடு, போதாத மாதிரி அளவு, மறுநிகழ்த்துவோரின் பிழை ஆகியவையும் காரணங்களாகலாம்.

வரலாறு

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரிசோதனை சார்ந்த அறிவியல் உருவானபோதே இச்சிக்கலும் தோன்றியது. ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக்கின் துணையுடன் உருவாக்கிய காற்றுப் பம்பைக் கொண்டு செய்த சோதனைகளை 1660இல் நூலாக வெளியிட்டார். சோதனைகளை நேரில் காணாதவரும் அவற்றைத் தம் மனக்கண்ணில் காணவும், விரும்பினால் தாமே செய்து பார்க்கவும் கூடியவாறு, கருவியின் அமைப்பையும் தோல்வியுற்ற சோதனைகளையும்கூட அவர் விரிவாக எழுதினார். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படும் 'முறைகள்' என்னும் பகுதி இம்மரபின் தொடர்ச்சியாகும்.

நெதர்லாந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1661இல் தாமே ஒரு பம்பை உருவாக்கினார். காற்று நீக்கப்பட்ட நீர், வெற்றிடத்திலும் குழாயிலிருந்து கீழிறங்காமல் நிற்பதை அவர் கண்டார். இலண்டனில் இருந்தோர் முதலில் இதனை ஏற்கவில்லை. 1663இல் ஹைகன்ஸ் இலண்டன் சென்றிருந்தபோது, அங்கிருந்த பம்பிலும் இவ்விளைவு பெறப்பட்டது. எழுத்தில் உள்ள விவரிப்பு மட்டும் சில வேளைகளில் போதாது, கைப்பழக்கமும் நேரடித் தொடர்பும் தேவை என்பதை இந்நிகழ்வு காட்டியது. 1660இல் நிறுவப்பட்ட இலண்டன் வேந்தியக் கழகத்தின் குறிக்கோளுரை, எவருடைய சொல்லையும் அவர் சொன்னார் என்பதற்காகவே ஏற்க வேண்டா என்னும் பொருளுடையது.

20ஆம் நூற்றாண்டில் ரொனால்ட் ஃபிஷர், 1925இலும் 1935இலும் வெளியான தம் நூல்களின் வழியே, பரிசோதனை வடிவமைப்புக்கும் புள்ளியியல் சோதனைக்கும் அடித்தளம் இட்டார். ஒருமுறை கிடைத்த முடிவு ஒரு நிகழ்வை நிறுவப் போதாது என்பதும், முறையாகச் செய்தால் பெரும்பாலும் தவறாமல் கிடைக்கக்கூடிய முடிவே நிறுவப்பட்டதாகக் கொள்ளத்தக்கது என்பதும் அவர் கருத்து. மெய்யியலாளர் கார்ல் பாப்பரும், மீண்டும் நிகழ்த்த இயலாத தனி நிகழ்வுகள் அறிவியலுக்குப் பயன்படா என 1934இல் வெளியான தம் நூலில் வாதிட்டார்.

வேதியியலில் 1921 முதல் வெளிவரும் 'ஆர்கானிக் சின்தசிஸ்' என்னும் வெளியீடு தனிச்சிறப்பான நடைமுறை ஒன்றைக் கொண்டுள்ளது. அதற்கு அனுப்பப்படும் ஒவ்வொரு தொகுப்பு முறையும், ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரின் ஆய்வகத்தில் செய்து பார்க்கப்பட்ட பின்னரே அச்சேறும்.

இயற்பியலில் இரு நிகழ்வுகள் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன. 1989 மார்ச் 23 அன்று, யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மானும் ஸ்டான்லி பான்சும், அறை வெப்பநிலையில் அணுக்கருப் பிணைவை நிகழ்த்தியதாகச் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தனர். முழு விவரங்கள் வெளியாகும் முன்னரே உலகெங்கும் ஆய்வகங்கள் இதனைச் செய்து பார்க்க முனைந்தன. பெரும்பாலானவை தோல்வியுற்றன. அவ்வாண்டு இறுதியில் ஐக்கிய அமெரிக்க ஆற்றல் துறையின் வல்லுநர் குழு, நம்பத்தகுந்த சான்று இல்லை என முடிவு செய்தது.

2011 செப்டம்பரில் ஓபரா என்னும் ஆய்வுக் குழு, செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு ஏறத்தாழ 730 கி.மீ. பயணம் செய்த நியூட்ரினோக்கள், ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோ வினாடி முன்னதாக வந்ததாக அளந்தது. அக்குழுவினர் தம் அளவீட்டைப் பிறரின் ஆய்வுக்குத் திறந்து வைத்தனர். 2012 பெப்ரவரியில், சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடத்தின் இணைப்பே பிழைக்குக் காரணம் எனத் தெரியவந்தது. அதே இடத்தில் இயங்கிய இக்காரசு குழுவின் தனி அளவீடும் வழக்கமான வேகத்தையே காட்டியது. முதல் நிகழ்வில் உரிமை கோரல் முந்தியது. இரண்டாவதில் பிறரின் ஐயத்துக்கு இடம் தரப்பட்டது.

மறுநிகழ்த்தல் நெருக்கடி

2005இல் ஜான் அயோனிடிஸ், வெளியிடப்படும் ஆய்வு முடிவுகளுள் பெரும்பாலானவை பொய்யாக இருக்கக்கூடும் எனப் புள்ளியியல் அடிப்படையில் வாதிடும் கட்டுரையை 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியிட்டார். 2011இல் உளவியலாளர் டாரில் பெம், எதிர்கால நிகழ்வுகளை மனிதர் முன்னுணர இயலும் எனக் காட்டுவதாகக் கூறும் 9 சோதனைகளை மதிப்புமிக்க உளவியல் இதழொன்றில் வெளியிட்டார். துறையில் வழக்கமாக ஏற்கப்படும் முறைகளையே அவர் கையாண்டிருந்தார். இதனால், அவர் முடிவு தவறெனின் அம்முறைகளும் தவறாகத்தானே இருக்க வேண்டும் என்னும் வினா எழுந்தது. அம்முடிவு கிடைக்கவில்லை எனக் காட்டிய மறுநிகழ்த்தல் கட்டுரையை அதே இதழ் வெளியிட மறுத்தது. அது 2012இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியாயிற்று.

இதன்பின் மேற்கொள்ளப்பட்ட முதன்மையான முயற்சிகள் பின்வருவன.

- 2011: பேயர் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தாங்கள் உள்ளகத்தில் சரிபார்த்த 67 திட்டங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலேயே வெளியிடப்பட்ட முடிவுகள் ஒத்துப்போயின எனத் தெரிவித்தனர்.
- 2012: அம்ஜென் நிறுவனத்தினர், புற்றுநோய் ஆய்வில் முன்னோடிகளாகக் கருதப்பட்ட 53 ஆய்வுகளுள் 6ஐ மட்டுமே உறுதிப்படுத்த முடிந்தது எனத் தெரிவித்தனர்.
- 2015: பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த கூட்டு முயற்சி, மூன்று உளவியல் இதழ்களில் 2008இல் வெளியான 100 ஆய்வுகளை மறுநிகழ்த்தியது. மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்திருந்தன. மறுநிகழ்த்தலில் 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. விளைவின் அளவும் சராசரியாக ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.
- 2016: பொருளியல் பரிசோதனைகள் 18இல் 11 உறுதிப்பட்டன.
- 2018: 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்களில் 2010 முதல் 2015 வரை வெளியான சமூக அறிவியல் சோதனைகள் 21இல் 13 உறுதிப்பட்டன.
- 2021: புற்றுநோய் உயிரியலில் 53 கட்டுரைகளின் 193 சோதனைகளை மறுநிகழ்த்தத் திட்டமிட்ட குழு, 23 கட்டுரைகளின் 50 சோதனைகளையே முடிக்க இயன்றது.

இறுதியாகக் கூறப்பட்ட முயற்சியில், முடிவுகளைவிட அவற்றை அடையும் வழியில் எதிர்ப்பட்ட தடைகளே பெரிதும் பேசப்பட்டன. மூல ஆசிரியர்களிடம் விளக்கம் கேளாமல், கட்டுரையை மட்டும் படித்துச் செய்து பார்க்கக்கூடியவாறு 193 சோதனைகளுள் ஒன்றேனும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உதவவில்லை அல்லது மறுமொழி தரவில்லை.

2016இல் 'நேச்சர்' இதழ் 1,576 ஆய்வாளர்களிடம் நடத்திய கருத்தாய்வில், 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரின் சோதனையை மறுநிகழ்த்த முயன்று தோல்வியுற்றதாகவும், பாதிக்கும் மேற்பட்டோர் தம் சொந்தச் சோதனையையே மறுநிகழ்த்த இயலாமற் போனதாகவும் கூறினர்.

காரணங்கள்

புள்ளியியல் காரணங்கள்

பல துறைகளில் பி-மதிப்பு 0.05க்குக் குறைவாக இருந்தால் முடிவு குறிப்பிடத்தக்கது எனக் கொள்ளப்படுகிறது. உண்மையில் விளைவு எதுவும் இல்லை என்று கொண்டால், கிடைத்த அளவுக்கோ அதனினும் மிகுதியாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு ஆகும். அது கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு துறையில் 1,000 கருதுகோள்கள் சோதிக்கப்படுகின்றன எனவும், அவற்றுள் 100 மட்டுமே உண்மை எனவும் கொள்வோம். உண்மையான விளைவைக் கண்டறியும் வாய்ப்பு, அதாவது புள்ளியியல் ஆற்றல், 80 விழுக்காடாயின் 80 உண்மைகள் வெளிப்படும். பொய்யான 900இல் 5 விழுக்காடு, அதாவது 45, தற்செயலாகவே உண்மைபோலத் தோன்றும். ஆக, 'கண்டுபிடிப்புகள்' 125இல் 45 பொய்யானவை. மாதிரி சிறிதாகி ஆற்றல் 20 விழுக்காடாகக் குறைந்தால், உண்மைகள் 20 மட்டுமே வெளிப்படும். பொய்கள் அதே 45. எவரும் ஏமாற்றாமலேயே, கண்டுபிடிப்புகளுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய்யாகிவிடும்.

ஆய்வாளரின் தெரிவுகள்

எவ்வளவு பேரை ஆய்வில் சேர்ப்பது, எந்தத் தரவை விலக்குவது, எந்த மாறியை அளப்பது போன்ற தெரிவுகளை, தரவைக் கண்ட பின்னர் முடிவு செய்தால், விரும்பிய விடையைப் பெறுவது எளிதாகும். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், விளைவே இல்லாதபோதும் அவற்றுள் ஒன்றேனும் 0.05க்குக் கீழ் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகியோர், இத்தகைய தெரிவுகளைக் கொண்டே, பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்ததாகக் 'காட்டினர்'. நடக்கவே இயலாத ஒன்றை, ஏற்கப்பட்ட முறைகளால் நிறுவலாம் என்பதை உணர்த்துவதே அவர்கள் நோக்கம்.

இத்தெரிவுகள் தீய நோக்கமின்றியும் விடையை மாற்றக்கூடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், காற்பந்து நடுவர்கள் கருநிற வீரர்களுக்குச் சிவப்பு அட்டையைக் கூடுதலாகக் காட்டுகின்றனரா என்னும் ஒரே வினாவும் ஒரே தரவும் 29 குழுக்களுக்குத் தரப்பட்டன. 20 குழுக்கள் குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு எனவும், 9 குழுக்கள் இல்லை எனவும் கண்டன.

வெளியீட்டுச் சாய்வு

ஆய்விதழ்கள் புதிய, நேர்மறையான முடிவுகளையே விரும்புவதால், விளைவு இல்லை எனக் காட்டும் ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. ராபர்ட் ரோசெந்தால் 1979இல் இதனை இழுப்பறைச் சிக்கல் எனக் குறித்தார். பணி நியமனமும் நிதியும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை வெளியாகும் இதழின் பெயரையும் சார்ந்திருப்பது இச்சாய்வை வலுப்படுத்துகிறது.

மோசடி

தரவைப் புனைதல் அரிதாயினும் பெருந்தீங்கு விளைவிப்பது. நெதர்லாந்து உளவியலாளர் டீடெரிக் ஸ்டாப்பெல் தரவைப் புனைந்தது 2011இல் வெளிப்பட்டது. அவருடைய 58 கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. பணத்துக்குக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் அமைப்புகளும் பெருகியுள்ளன. 2023இல் உலகளவில் மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் 10,000ஐத் தாண்டின.

கணிப்பும் மென்பொருளும்

இன்றைய ஆய்வுகளுள் பெரும்பாலானவை கணினி நிரல்களைச் சார்ந்துள்ளன. நிரலை வெளியிடாத ஆய்வில், முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதை வாசகரால் அறிய இயலாது.

கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடாக வீழ்கிறது எனக் கூறியது. ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றோர் இக்கட்டுரையை மேற்கோள் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக இதனை மீள்கணிக்க முயன்று, அதே விடையைப் பெற இயலாமல், ஆசிரியர்களிடம் விரிதாளைக் கேட்டுப் பெற்றார். சராசரி கணிக்கும் வாய்பாட்டில் 20 நாடுகளுள் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு நிறை அளித்த முறையும் விடையை மேலும் பாதித்திருந்தன. 2013இல் ஹெர்ண்டன் தம் ஆசிரியர்கள் இருவருடன் வெளியிட்ட திருத்திய மதிப்பு 2.2 விழுக்காடு. விரிதாளில் பிழை நேர்ந்ததை மூல ஆசிரியர்கள் ஏற்றனர். ஆயினும், கடன் மிகும்போது வளர்ச்சி குறைகிறது என்னும் தம் பொதுக் கருத்தில் மாற்றமில்லை என்றனர். அவர்கள் விரிதாளைத் தர மறுத்திருந்தால் இப்பிழை வெளிப்பட்டிருக்காது என்பது குறிப்பிடத்தக்கது.

மென்பொருளின் தானியங்கு மாற்றங்களும் பிழைக்கு வழிசெய்கின்றன. 'செப்ட்2', 'மார்ச்1' போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் மென்பொருள் தேதிகளாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகள் உள்ளன என 2016இல் கண்டறியப்பட்டது. 2020 அளவில், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அக்குறியீடுகளையே மாற்றியமைத்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புவியியற்பியலாளர் ஜான் கிளேர்பவுட், 1990களின் தொடக்கத்திலேயே, தம் மாணவர்களின் ஆய்வேடுகளில் உள்ள படங்களைத் தரவிலிருந்தும் நிரலிலிருந்தும் மீண்டும் உருவாக்கக்கூடியவாறு அமைக்கச் செய்தார். இவ்வழியைப் பின்பற்றிய டேவிட் டோனஹோவும் ஜோனதன் பக்ஹைட்டும் 1995இல், கணிமை சார்ந்த ஆய்வில் கட்டுரை என்பது ஆய்வின் விளம்பரமே என்றும், முழு நிரலும் தரவுமே ஆய்வாகும் என்றும் வலியுறுத்தினர். பதிப்புகளைக் காக்கும் கிட் (2005), நிரலையும் விளக்கத்தையும் ஒருங்கே எழுத உதவும் ஜுப்பிட்டர் (2014), தரவையும் நிரலையும் நிலையான அடையாள எண்ணுடன் சேமிக்கும் செனோடோ (2013) ஆகியவை இன்று இதற்குப் பயன்படும் கட்டற்ற கருவிகளுள் சில.

மருத்துவத்தில் விளைவுகள்

மருத்துவத்தில் மறுநிகழ்த்த இயலாத முடிவுகள் நோயாளிகளின் உயிரோடு தொடர்புடையன. 2008இல் எரிக் டர்னர் முதலியோர், ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் பதிவான மனச்சோர்வு மருந்துச் சோதனைகள் 74ஐ ஆராய்ந்தனர். நேர்மறையான 38 சோதனைகளுள் 37 வெளியிடப்பட்டிருந்தன. ஏனைய 36இல் 22 வெளியிடப்படவே இல்லை. 11 நேர்மறைபோலத் தோன்றுமாறு எழுதப்பட்டிருந்தன. 3 மட்டுமே உள்ளவாறு வெளியாகியிருந்தன. இதனால், இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு 94 விழுக்காடு சோதனைகள் வெற்றி பெற்றதாகத் தோன்றும். உண்மையில் வெற்றி பெற்றவை 51 விழுக்காடே.

புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பயன்தரும் என்பதை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு கணிக்கலாம் என ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2006இல் அறிவித்தது. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்னும் புள்ளியியலாளர்கள் அதனை மீள்கணிக்க முயன்றபோது, மரபணுப் பட்டியல்கள் ஒரு வரிசை இடம்பெயர்ந்திருந்ததையும், மருந்துக்கு இணங்குவன, இணங்காதன என்னும் குறிப்புகள் தலைகீழாகியிருந்ததையும் கண்டனர். எவ்விதமாக அப்பிழைகள் நேர்ந்தன என்பதை முடிவுகளிலிருந்து பின்னோக்கிச் சென்றே அவர்கள் கண்டறிய வேண்டியிருந்தது. இம்முறையைக் கொண்டு நோயாளிகளிடம் நடந்துவந்த மருத்துவச் சோதனைகள் 2010இல் நிறுத்தப்பட்டன. கட்டுரை 2011இல் மீளப்பெறப்பட்டது. தரவு புனையப்பட்டதாக 2015இல் அரசின் விசாரணை அமைப்பு முடிவு செய்தது.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மே 22 அன்று 'லான்செட்' இதழ், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளைப் பற்றியது எனக் கூறப்பட்ட கட்டுரையை வெளியிட்டது. ஐதராக்சிகுளோரோகுயின் மருந்து இறப்பை மிகுவிப்பதாக அது கூறியது. உலக சுகாதார அமைப்பு அம்மருந்தின் மீதான சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. தரவைத் திரட்டியதாகக் கூறிய தனியார் நிறுவனம் அதனைத் தற்சார்புள்ள சரிபார்ப்புக்குத் தர மறுத்தமையால், சூன் 4 அன்று கட்டுரை மீளப்பெறப்பட்டது. பின்னர், முறையான சோதனைகள் அம்மருந்தால் கொரோனா நோயாளிகளுக்குப் பயனில்லை எனக் காட்டின. எனினும், அதனால் இக்கட்டுரை சரியாகிவிடவில்லை. அதன் தரவை எவரும் காண இயலவில்லை என்பதே அதன் குறை.

தீர்வுகள்

முன்பதிவு

தரவைத் திரட்டும் முன்னரே, கருதுகோள், மாதிரி அளவு, பகுப்பாய்வு முறை ஆகியவற்றைப் பொதுப் பதிவேட்டில் இடுவது முன்பதிவு எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2000இல் தொடங்கப்பட்டது. முன்பதிவு செய்யாத சோதனைகளை வெளியிடுவதில்லை என்னும் விதியை மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2005இல் நடைமுறைப்படுத்தியது. அந்நாட்டின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம் நிதியளித்த பெருஞ்சோதனைகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, 2000க்கு முற்பட்ட 30இல் 17 பயன் காட்டின எனவும், பிற்பட்ட 25இல் 2 மட்டுமே பயன் காட்டின எனவும் கண்டது. முதன்மை அளவீட்டை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதன் வளர்ச்சியாக, 2013இல் 'கார்டெக்ஸ்' இதழ், ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டு, முடிவு தெரியும் முன்னரே வெளியீட்டுக்கு ஏற்கும் முறையைத் தொடங்கியது. விடை எதுவாயினும் கட்டுரை வெளியாகும் என்பதால், விடையை வளைக்கும் தூண்டுதல் குறைகிறது.

திறந்த தரவும் திறந்த அணுக்கமும்

மனித மரபகராதித் திட்டத்தில் ஈடுபட்டோர் 1996இல் பெர்முடாவில் கூடி, கண்டறியும் மரபுத்தொடர்களை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட இணங்கினர். 2020 சனவரியில் கொரோனா தீநுண்மியின் மரபுத்தொடர் இணையத்தில் வெளியானதும், தடுப்பூசி வடிவமைப்பு உடனே தொடங்க முடிந்தது இவ்வழக்கத்தின் பயனாகும். 2016இல், தரவு கண்டறியத்தக்கதாகவும், அணுகத்தக்கதாகவும், பிற தரவுகளோடு இணையத்தக்கதாகவும், மீண்டும் பயன்படுத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்னும் நெறிகள் வெளியிடப்பட்டன.

கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்வது திறந்த அணுக்கம். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் முன்வெளியீட்டுத் தளமும், 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிவிப்பும் இதன் மைல்கற்கள். 2021 நவம்பரில் யுனெசுகோ உறுப்பு நாடுகள் திறந்த அறிவியலுக்கான பரிந்துரையை ஏற்றன.

தற்சார்புள்ள இரட்டைச் சான்று

பெரும் பொருட்செலவில் அமையும் சோதனைகளை மீண்டும் கட்டியெழுப்ப இயலாது. எனவே அங்கு மறுநிகழ்த்தல் உள்ளேயே அமைக்கப்படுகிறது. 2012இல் இக்சு துகளை செர்னில் அட்லசு, சி.எம்.எசு. என்னும் இரு குழுக்கள் தனித்தனி உணரிகளால் கண்டறிந்தன. திரும்ப நிகழாத இயற்கை நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும். 1987 பெப்ரவரி 23 அன்று மீயொளிர் விண்மீன் வெடிப்பு ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களை, சப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இருந்த உணரிகள் ஒரே வேளையில் பதிவு செய்தன.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேடு 2006இல் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 சூலையில் தொடங்கியது. மருந்துச் சோதனைகளை அதில் பதிவது 2009 சூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இவ்விரு பதிவேடுகளையும் எவரும் இணையத்தில் பார்வையிடலாம்.

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தம் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளைத் திறந்த களஞ்சியங்களில் இட வேண்டும் என்னும் கொள்கையை 2014இல் வெளியிட்டன. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வழிசெய்கிறது. எனினும் இது சந்தா முறையே. நிறுவனத்துக்கு வெளியே உள்ள வாசகருக்கு அக்கட்டுரைகள் இதனால் திறக்கப்படுவதில்லை.

திறனாய்வுகள்

'நெருக்கடி' என்னும் சொல்லே மிகையானது எனச் சிலர் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டின் உளவியல் முயற்சியில் சில ஆய்வுகள் மூலத்திலிருந்து வேறுபட்ட சூழலில் செய்யப்பட்டன எனவும், அதன் தரவு உயர்ந்த மறுநிகழ்த்தல் வீதத்துக்கும் பொருந்தும் எனவும் டேனியல் கில்பர்ட் முதலியோர் 2016இல் வாதிட்டனர். அம்முயற்சியை மேற்கொண்டவர்கள் இதனை மறுத்து விளக்கம் அளித்தனர்.

திறந்த தரவுக்கும் எல்லைகள் உண்டு. நோயாளிகளின் விவரங்கள், பெயர் நீக்கப்பட்ட பின்னரும், பிற தரவுகளோடு இணைக்கப்படும்போது ஆளை அடையாளம் காட்டக்கூடும். பழங்குடி மக்களிடம் பெறப்பட்ட தரவின் மீது அம்மக்களுக்கே உரிமை வேண்டும் என்னும் நெறிகள் 2019இல் முன்வைக்கப்பட்டன. திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் கட்டணச் சுமை வாசகரிடமிருந்து ஆசிரியருக்கு மாறுவதால், நிதி குறைந்த நாடுகளின் ஆய்வாளர்கள் வெளியிட இயலாத நிலையும் உள்ளது.

முன்பதிவு, எதிர்பாராத கண்டுபிடிப்புகளைத் தடுக்கும் என்னும் அச்சமும் கூறப்படுகிறது. தேடல் ஆய்வை அது விலக்கவில்லை எனவும், தேடிக் கண்டதையும் முன்கூட்டிச் சொல்லிச் சோதித்ததையும் வெவ்வேறாகக் குறிக்குமாறு மட்டுமே கோருகிறது எனவும் அதனை ஆதரிப்போர் விடையளிக்கின்றனர். மறுநிகழ்த்தும் பணிக்கு ஆய்வுத் துறையில் போதிய மதிப்பும் நிதியும் கிடைக்காதவரை, விதிகளை மாற்றுவது மட்டும் போதாது என்பது இரு தரப்பினரும் பெரிதும் ஒப்பும் கருத்தாகும்.